கடலுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலரும் விடுமுறைக்குக் கன்னியாகுமரி செல்பவர்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் இருப்போருக்கு அது ஒரு நாள் பயணம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்போர் இப்போது உல்லாசக் கப்பலிலும் போய் வருகிறார்கள். இரண்டிலும் ஒரே தவறு நேர்கிறது. ரயிலின் நேரம், கப்பலின் நேரம் எல்லாம் பார்க்கிறோம். கடலின் நேரத்தைப் பார்ப்பதில்லை. ரயில்வேயில் பொறியாளராகப் பணி செய்த நானும் அப்படித் தவறியவன்தான். ஆகவே இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

ஏற்றவற்றம்

கடல்நீர் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. இதற்கு முதற்காரணம் சந்திரனின் ஈர்ப்பு. பூமி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் சந்திரனும் தன் பாதையில் சற்று முன்னே போய்விடுகிறது. அதை எட்டிப்பிடிக்கப் பூமிக்கு மேலும் சுமார் 50 நிமிடம் வேண்டும். எனவே கடலின் ஒரு நாள் என்பது 24 மணி 50 நிமிடம். ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்திற்குச் சுமார் 12 மணி 25 நிமிடம்; ஏற்றத்திலிருந்து வற்றத்திற்குச் சுமார் 6 மணி 12 நிமிடம்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாட்களிலும் சூரியனின் ஈர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. அப்போது ஏற்றம் மிக உயரும். வற்றம் மிகத் தாழும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் மிதமாக இருக்கும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த வீட்டில் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் கரையில்

நெய்யாறு பூவாற்றில் கடலோடு கலக்கிறது. அங்கே பொழிமுகத்து மணல் திறந்திருந்தால் கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள்ளும் தெரியும். மணல் அடைத்துவிட்டால் தெரியாது. நம் தென்கரையில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். இது என்ன பெரிய அளவா என்று தோன்றும். ஆனால் பாறை நிறைந்த படகுத்துறையில் இரண்டடி நீர் குறைந்தாலே படகின் அடிப்பாகம் தட்டும்.

கன்னியாகுமரியில் நடப்பது இதுதான். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. 133 அடி உயரமுள்ள சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அதன்பின், "கடல் நீர்மட்டம் தாழ்ந்ததால் வள்ளுவர் சிலைக்குப் படகு நிறுத்தம்" என்ற செய்தியை நாளிதழ்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டியிருக்கும்.

2001இல் என் தாயாரை அழைத்துச் சென்றேன். அன்று பௌர்ணமி கழிந்த மறுநாள். பாறசாலையில் ரயில் ஏறி, நிமிடம் தவறாமல் போய்ச் சேர்ந்தோம். படகு பாறை வரைதான் போனது, சிலைக்குப் போகவில்லை. நூறு மீட்டர்கூட இல்லாத தூரத்தில் வள்ளுவர் நிற்கிறார், போக வழியில்லை. "சாரமில்லை மக்களே, இங்கிருந்தே பாத்தாச்சே" என்றார் அம்மா. மறுமுறை அழைத்துப் போவதாகச் சொன்னேன். அந்த மறுமுறை வரவில்லை. ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் அந்தப் பாதத்தைத் தொட்டிருப்பார்.

2024 டிசம்பர் 30 அன்று பாறைக்கும் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. இப்போது பாறைக்குப் போனால் சிலைக்கு நடந்தே போகலாம். எனினும் கரையிலிருந்து பாறைக்குப் போகப் படகுதான். கடல் ஒத்துழைக்காத நாளில் அதுவும் காத்திருக்கத்தான் வேண்டும்.

கனடாவில் எதிரோடும் ஆறு

டொராண்டோவில் இருக்கும் என் தம்பி மகள், தன் பெற்றோரை உல்லாசக் கப்பலில் அழைத்துப் போக விரும்பினாள். கப்பல் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, கனடாவின் செயின்ட் ஜான் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும். அங்கே 'ரிவர்சிங் ஃபால்ஸ்' என்னும் இயற்கைக் காட்சி உண்டு. "பெரியப்பா, எத்தனை மணிக்குப் போனால் பார்க்கலாம்?" என்று கேட்டாள். தம்பிக்கு முழங்கால் வலி. இன்னொரு முறை அவ்வளவு தூரம் போக முடியாது. எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. காகிதத்தை எடுத்து உட்கார்ந்தேன்.

ஃபண்டி வளைகுடா புனல்போலக் குறுகும் வடிவம் கொண்டது. அதன் நீர் இயல்பாக ஆடும் காலமும் கடலின் பன்னிரண்டரை மணி நேரக் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. தக்க சமயத்தில் தள்ளிவிட்ட ஊஞ்சல் உயர எழுவதுபோல் நீர் எழும்புகிறது. செயின்ட் ஜானில் மட்டம் சுமார் 8.5 மீட்டர் மாறும். வற்றத்தில் ஆறு குறுகிய பாறை இடுக்கு வழியே கடலை நோக்கிக் கொட்டும். ஏற்றத்தில் கடல்மட்டம் ஆற்றைவிடச் சுமார் 4 மீட்டர் உயர்ந்து, ஆற்றைப் பின்னோக்கித் தள்ளும். இடையில் சுமார் 20 நிமிடம் நீர் அசையாமல் நிற்கும். வற்றம் கழிந்து ஏறக்குறைய 3 மணி 50 நிமிடத்திலும், ஏற்றம் கழிந்து ஏறக்குறைய 2 மணி 25 நிமிடத்திலும் இது நிகழும். படகுகள் கடக்க ஏற்ற நேரம் அதுவே. அந்நேரம் போய் நிற்பவர், "அருவி எங்கே?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவார்.

கப்பல் காலை 8 மணிக்கு வந்து, மாலை 5 மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும். அவள் பார்த்துவைத்த தேதியில் வற்றம் நண்பகல் 12 மணிக்கு. முந்தைய ஏற்றம் காலை 5.48, அடுத்தது மாலை 6.12. அன்று ஆறு கொட்டுவதை மட்டுமே நன்கு காணலாம். எதிரோட்டத்தின் உச்சத்தைக் காண முடியாது. வேறொரு கப்பல் நான்கு நாள் முன்னதாகப் போனது. நான்கு ஐம்பது 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். அன்று வற்றம் 8.40, ஏற்றம் 2.52. அருவி துறைமுகத்திலிருந்து காரில் சில நிமிடத் தூரம்தான். காலையில் ஒன்று, பகலுணவுக்குப் பின் ஒன்று என இரண்டையும் பார்க்கலாம். அந்தக் கப்பலுக்கே பதிவு செய்தாள். கனடா நீர்வரைவியல் துறையின் அட்டவணையோடு ஒப்பிட்டபோது சில நிமிட வித்தியாசமே இருந்தது.

இன்னொரு எச்சரிக்கை. செயின்ட் ஜான் நேரம் நியூயார்க் நேரத்தைவிட ஒரு மணி முன்னது. கோடையில் கடிகாரத்தைத் திருப்பிவைக்கும் வழக்கமும் உண்டு. அட்டவணை எந்த நேரத்தைச் சொல்கிறது, கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று கேட்டு அறியாமல் கரையிறங்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. போகும் தேதியின் திதியைப் பாருங்கள். கன்னியாகுமரிக்குப் போவதானால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

2. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஏற்றவற்ற அட்டவணை வெளியிடுகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் முன்கணிப்புத் தருகிறது. இரண்டில் ஒன்றைப் பாருங்கள்.

3. நாளொன்றுக்கு 50 நிமிடம் என்பது தோராயக் கணக்கே. காற்றும் அலையும் எந்த அட்டவணைக்கும் கட்டுப்படா. கிளம்புமுன் படகு ஓடுகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: ஒரு பௌர்ணமியன்று காலை 7 மணிக்கு வற்றம் என்று வைத்துக்கொள்வோம். 15 நாள் கழித்து, அமாவாசையன்று எப்போது? 15 ஐம்பது 750 நிமிடம். ஆகவே இரவு 7.30. அதற்கு முந்தைய வற்றம் காலை 7.05. ஆக, ஓர் ஊரில் எல்லா அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வற்றம் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான். ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால் போதும். பாட்டியையும் தாத்தாவையும் அழைத்துப் போகும் நாளில் அது உதவும்.