பொன்வலை நெய்யும் சிலந்தி



சிலந்தியை எட்டுக்காற் பூச்சி என்றும் அழைப்பர். அப்பெயரிற் பாதி சரி, பாதி பிழை. பூச்சிக்கு ஆறு கால்களே உண்டு. அதன் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளைக் கொண்டது. சிலந்திக்கோ கால்கள் எட்டு, உடற்பகுதிகள் இரண்டு, சிறகும் இல்லை, உணர்கொம்பும் இல்லை. ஆகவே அது பூச்சியன்று. அரக்னிடா வகுப்பைச் சேர்ந்த உயிரினமாகும். சிலம்பி என்பது அதற்குரிய மற்றொரு பழந்தமிழ்ப் பெயர்.

இலங்கை, இந்தியா முதலாக அவுஸ்திரேலியாவின் வடபகுதி வரையுள்ள வெப்ப நாடுகளில் வாழ்வது பொன்வலைச் சிலந்தி. 1793 இல் பப்ரிசியஸ் என்னும் டென்மார்க் அறிஞர் இதனை முதலில் விவரித்தார். இதன் விஞ்ஞானப் பெயர் நெபிலா பிலிப்பெஸ். நெபிலா என்னும் கிரேக்கவழிச் சொல்லுக்கு நூற்பதில் விருப்புடையது என்பது பொருள்.

பெண் சிலந்தியின் உடல் 3 முதல் 5 சதமமீற்றர் வரை நீளமானது. கரிய உடலில் மஞ்சள் வரிகள் அழகு செய்யும். ஆணோ ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் மட்டுமே. பெண்ணின் வலையோரத்திலேயே அது காலங்கழிக்கும். வலை ஒரு மீற்றருக்கும் அதிக அகலமுடையதாக மரங்களுக்கிடையே தொங்கும். வெயில் படும்போது அதன் இழைகள் பொன்னாக மின்னும். அந்த மஞ்சள் நிறம் தேனீக்களைக் கவர்ந்திழுக்கிறது என்பர் ஆய்வாளர். உருவத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இதன் நஞ்சு மனிதருக்குப் பெருந்தீங்கு விளைப்பதன்று.

இச்சிலந்தியின் உறவினமொன்று மடகாஸ்கார் தீவில் வாழ்கிறது. அவ்வினத்தின் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண் சிலந்திகளிடமிருந்து நூலெடுத்து நெய்த சாயமேற்றாத பொன்னிறத் துணி, 2009 இல் நியூயோர்க் நகரின் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

மொன்றியலுக்கும் சிலந்தி நூலுக்கும் தொடர்பு உண்டு. இந்நகருக்கு அண்மையில் இயங்கிய நெக்சியா என்னும் நிறுவனம், சிலந்தியின் பரம்பரையலகை ஆடுகளிற் புகுத்தி, அவற்றின் பாலில் நூலுக்குரிய புரதத்தைப் பெற முயன்றது. 2002 இல் அந்நிறுவன ஆய்வாளர் தாம் செயற்கையாக இழுத்த நூலைப் பற்றிச் சயன்ஸ் ஆய்விதழில் எழுதினர். எனினும் அந்நூல் உறுதியிற் சிலந்தியின் நூலுக்கு ஈடாகவில்லை. புரதத்தைப் பெறுவது ஒன்று. அதனை நூலாக்குவது வேறொன்று. நிறுவனம் பின்னர் மறைந்தது. சிலந்தி மட்டும் இன்றும் எவ்வித ஆலையுமின்றி நூற்றுக்கொண்டிருக்கிறது.

ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் இங்குள்ள தோட்டங்களிலும் கருமையும் மஞ்சளும் கலந்த ஒரு சிலந்தியைக் காணலாம். அது ஆர்ஜியோப்பே இனத்தது. உறைபனியில் தாய் இறந்துவிடும். குஞ்சுகள் பட்டுப் பைக்குள் பனிக்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் வெளிவரும். கண்டவுடன் பாதணியால் அடித்துவிடாதீர்கள்.

ஊரில் விஞ்ஞானத்தைத் தமிழிலேயே கற்பித்தோம். இங்கு நீங்கள் அதனைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கற்கிறீர்கள். நன்று. ஆனால் உண்பதற்கும் உறங்குவதற்கும் மட்டுமே தமிழ் என்றாகிவிட்டால், எம்மொழி வீட்டுக்குள்ளேயே சுருங்கிவிடும். பொன்வலைச் சிலந்தி தன் வலையை ஒரேயடியாக அழிப்பதில்லை. பழுதுற்ற பகுதியை மட்டும் நீக்கி, எஞ்சியதில் இருந்துகொண்டே புதிதாக நெய்கிறது. புலம்பெயர்ந்த நாமும் அவ்வாறே செய்யலாம்.

பயிற்சி

1. சிலந்தி பூச்சியன்று என்பதற்கு மூன்று காரணங்கள் தருக.
2. ஆண், பெண் பொன்வலைச் சிலந்திகளின் வேறுபாட்டை எழுதுக.
3. உங்கள் அம்மம்மா அல்லது அப்பப்பாவிடம் கேட்டு, ஊரில் அவர்கள் கண்ட சிலந்தியொன்றைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுக.