மீட்டர் வயரைத் திரும்ப மாட்டு

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. ஊட்டிக் குளிரில் அவள் காலையில் வாசல் தெளிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் 69ஆம் வருட பீட்டில் கார் பற்றி எழுதியதைப் படித்தேன். பர்லியார் தாண்டியதும் ஆயில் டெம்பரேச்சர் மீட்டரில் முள் 130ஐத் தொட்டது, மீட்டர்தான் தப்பு என்று மெக்கானிக் சொன்னார், வயரைக் கழற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறேன் என்கிறாய். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் எதையும் சோதித்துப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். மீட்டர் தப்பு என்று சோதனையில் தெரியும்வரை அது காட்டும் சூடு உண்மை என்றே வைத்துக்கொள்.

வேறு காராக இருந்தால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். பீட்டிலுக்கு ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை. என்ஜின் சூட்டைத் தணிப்பது ஃபேன் காற்றும் இரண்டரை லிட்டர் ஆயிலும்தான். அந்த ஆயிலுக்கு ஃபில்டர்கூடக் கிடையாது, ஒரு சல்லடை மட்டும். எச்சரிக்கைக்கென்று கம்பெனி வைத்துக் கொடுத்தது டைனமோ விளக்கும் ஆயில் பிரஷர் விளக்கும்தான். ஆயில் சூடேறி நீர்த்துப் போய் பிரஷர் விளக்கு எரியும்போது காரியம் கைமீறியிருக்கும். உனக்கு முன்னால் காரை வைத்திருந்தவர் இந்த மீட்டரைத் தனியாக வாங்கிப் பூட்டியது அதனால்தான். அவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. என்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போடு. சென்சாரிலிருந்து வயரைக் கழற்று, முள் கடைசிக்கு இறங்க வேண்டும். அதே வயரின் நுனியை என்ஜினின் சுத்தமான உலோகத்தில் ஒரு நொடி தொட்டு எடு, முள் சூட்டுப் பக்கம் முழுக்க ஏற வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் மீட்டரும் வயரும் தேறின, சந்தேகம் சென்சார் மேல்தான். வயரைக் கழற்றியும் முள் இறங்கவில்லை என்றால் வழியில் எங்கோ வயர் உரசி பாடியில் எர்த் ஆகிறது. முன்னாலிருந்து பின்னால் வரை நீண்டு வரும் வயர் அது. என்ஜினைச் சுற்றியிருக்கும் தகடுகளின் ஓரத்தில் முதலில் பார், அங்கேதான் தோல் கிழியும்.

எர்த்தைப் பலர் மறந்துவிடுவார்கள். ஹெட்லைட் போட்டதும் முள் குதித்தால் மீட்டரின் எர்த் சரியில்லை. சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகவே கிடைக்கிறது. ஒழுகாமல் இருக்கட்டும் என்று யாராவது டெஃப்லான் டேப்பைச் சுற்றியிருந்தால் எர்த் கெட்டு, முள் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். இதுதான் ஆபத்தான தப்பு. அதிகமாகக் காட்டினால் நீ பயந்து நிறுத்துவாய், குறைவாகக் காட்டினால் தைரியமாக மிதிப்பாய். கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் பட்டை எர்த்தைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கி மாட்டு.

அடுத்தது வெந்நீர் சோதனை. உன் சென்சார் என்ஜினின் அடித்தட்டில் இருக்கிறது, கழற்றினால் ஆயில் கொட்டும். அதனால் ஆயில் மாற்றும் நாளில் செய். பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் கேஸ் அடுப்பு வேண்டாம், இண்டக்ஷன் அடுப்பை வை. சென்சாரின் உலோக அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் முங்கட்டும், வயர் மாட்டும் முனை நனையக் கூடாது. அதன் உடம்பிலிருந்து தனியாக ஒரு வயரை பேட்டரி நெகட்டிவுக்குக் கொடு. பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது இரண்டையும் பார். 100 வரவில்லையே என்று சென்சாரைத் தூக்கி எறிந்துவிடாதே. நீ இருப்பது 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். முள் அங்கே நின்றால் உன் மீட்டர் நூற்றுக்கு நூறு யோக்கியம்.

தெர்மாமீட்டரைவிட முள் இருபது டிகிரி போல மேலே நின்றால், எனக்கு முதலில் தோன்றுவது ஜோடி மாறிய சென்சார். விடிஓ கம்பெனி சென்சார்கள் 120 டிகிரி வகை, 150 டிகிரி வகை என்று இரண்டாக வரும். மரை ஒன்றாக இருந்தால் இரண்டும் பொருந்தி உட்கார்ந்துவிடும். 150 வரை எண் போட்ட மீட்டருக்கு 120 வகை சென்சாரை மாட்டினால் நல்ல என்ஜினையும் காய்ச்சல்காரனாகக் காட்டும். சென்சாரின் உடம்பில் பெரும்பாலும் எண் அடித்திருக்கும், துடைத்துப் பார்.

எல்லாச் சோதனையிலும் மீட்டர் தேறிவிட்டால் அந்த 130 உண்மை. அப்புறம் என்ஜினைப் பிரிக்கக் கிளம்பாதே. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, இக்னிஷன் டைமிங் சரியா, என்ஜின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை முழுசாக இருக்கிறதா என்று பார். அந்த ரப்பர் இல்லையென்றால் கீழே தள்ளிய சூடான காற்றையே ஃபேன் திரும்ப உறிஞ்சும். ஆயில் கூலர் ஃபேன் கூண்டுக்குள் நிற்கிறது. தூசியும் ஆயிலும் சேர்ந்து அதன் இடுக்குகள் அடைத்திருக்கும். உன் வருடத்துக் காரில் அது மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றையும் மறிக்கிறது. 1971 மாடலில்தான் கம்பெனி கூலரை அங்கிருந்து ஒதுக்கி வைத்தது. ஆகவே அடைபட்ட கூலரால் முதலில் அடி வாங்குவது அந்த மூன்றாவது சிலிண்டர்தான்.

ஆயில் 90லிருந்து 110 வரை இருந்தால் கவலைப்படாதே. மலையேற்றத்தில் 120 தாண்டினால் கியரைக் குறைத்து மெதுவாகப் போ, அப்படியும் ஏறினால் ஓரம் கட்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் சோதனையைச் செய்துவிட்டு முள் என்ன செய்தது என்று எனக்கு ஃபோன் போடு. அதுவரை குன்னூர்ப் பக்கம் காரை இறக்காதே. கழற்றிய வயரை இன்றைக்கே திரும்ப மாட்டிவிடு.

இப்படிக்கு,
உன் மாமா