திறக்க மறுத்த மூடி

நுழையும்முன்

மிதிவண்டியின் தடையைப் பிடிக்கும்போது கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு கம்பி இழுபடுகிறது. அதே போன்ற ஒரு கம்பிதான் பல கார்களின் இயந்திர மூடியையும் திறக்கிறது. அக்கம்பி பழுதுபட்டு, மூடி திறக்க மறுத்தால் என்ன செய்வது? பழைய விளையாட்டுக் கார் ஒன்றைக் கொண்டு அதனை இப்பாடம் விளக்குகிறது.

மழையும் துருவும்

திருவனந்தபுரத்தின் தம்பானூரில் தொடர்வண்டி நிலையமும் பேருந்து நிலையமும் அருகருகே உள்ளன. தொடர்வண்டி நிலையம் 1931ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. திருவிதாங்கூர் அரசின் பேருந்துப் போக்குவரத்து 1938ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. அதன் தொடக்ககாலத் தடங்களுள் கன்னியாகுமரித் தடமும் ஒன்று. கன்னியாகுமரிப் பகுதி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லை மாறிய பின்னும் நாகர்கோவிலிலிருந்து வேலை தேடித் தம்பானூர் வந்து இறங்குவோர் பலர். அவர்களுள் வாகனப் பணிமனைகளில் தொழில் பழக வருவோரும் உண்டு.

இந்நகரம் தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் பெறுகிறது. பெருமழை பெய்தால் தம்பானூர்ச் சாலைகளில் நீர் தேங்கும். கடற்காற்றில் உப்பும் கலந்திருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். தரையை ஒட்டித் தாழ்வாக ஓடும் பழைய விளையாட்டுக் கார்களுக்கு இது பெருந்தொல்லை. அவற்றின் கம்பிகளும் பூட்டுகளும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருவேறி இறுகிப் போகின்றன.

மூடிகள் பலவகை

இயந்திரத்தை மூடியிருக்கும் தகட்டைப் பேச்சுவழக்கில் 'பானெட்' என்பர். எல்லாக் கார்களிலும் அது ஒரே விதமாகத் திறப்பதில்லை. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புரொடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் உருவாக்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில், முன்பகுதி முழுவதுமே முன்னோக்கிச் சாயும். அதன் கொண்டிகள் வெளிப்புறத்தில், இரு பக்கங்களிலும் இருக்கும். ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி உருவாக்கிய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இருவர் அமரும் விளையாட்டுக் காரும் அப்படியே திறக்கும். 1963இல் அறிமுகமான போர்ஷே 911 காரிலோ இயந்திரம் பின்புறம் உள்ளது. ஆகவே, இயந்திர மூடியும் பின்புறமே திறக்கும்.

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவான எம்.ஜி.பி. விளையாட்டுக் கார் இன்னொரு வகை. அதன் மூடி கண்ணாடிக்கு அருகில் கீலால் இணைக்கப்பட்டு, முன்விளிம்பில் பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறக்கும் கைப்பிடி காருக்குள் இருக்கும். தொடக்க ஆண்டுகளில் வந்த கார்களில் அம்மூடி அலுமினியத் தகட்டால் ஆனது. அலுமினியம் இலேசானது, எளிதில் வளைந்துவிடும். வளைந்த மூடிக்கு மாற்று மூடி கடைத்தெருவில் உடனே கிடைப்பதில்லை.

கம்பியும் உறையும்

கைப்பிடியையும் பூட்டையும் இணைப்பது பௌடன் கேபிள். எர்னெஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1896இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. உள்ளே இழுபடும் கம்பி. வெளியே அதனைச் சூழ்ந்த உறை. உறையின் இரு முனைகளும் அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு முனையில் கை இழுக்கும் தொலைவு மறுமுனையில் பூட்டின் கொண்டியைச் சென்றடையும். உறை கழன்று போனால் கம்பியோடு உறையும் சேர்ந்து நகரும். கை இழுக்கும், கொண்டி அசையாது.

மூடியின் அடியில் ஒரு முளை நீண்டிருக்கும். மூடியை அழுத்திச் சாத்தும்போது முளை பூட்டுக்குள் இறங்கும். கொண்டி அதனைக் கவ்விக்கொள்ளும். கம்பியை இழுத்தால் கொண்டி விலகும். சுருள்வில் மூடியைச் சற்றே மேலெழுப்பும். அதன் பின்னும் மூடி முழுவதும் திறந்துவிடாது. ஓடும் காரில் மூடி தானே திறந்து ஓட்டுநரின் பார்வையை மறைக்காதிருக்க, இரண்டாவதாக ஒரு காப்புக் கொண்டி இருக்கும். அதனை விரலால் தள்ளிய பின்னரே மூடியை உயர்த்த முடியும்.

கை சொல்லும் செய்தி

மூடி திறக்காதபோது கைப்பிடியை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். பழுது எங்கே உள்ளது என்பதைக் கை உணர்ந்துவிடும்.

கைப்பிடி சிறிதும் அசையாவிட்டால், கம்பி உறைக்குள் துருவேறி இறுகியிருக்கலாம். அல்லது பூட்டே இறுகியிருக்கலாம். துருவை இளக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருப்பதே முதல் வேலை.

கைப்பிடி இயல்பாக அசைந்தும் மூடி எழாவிட்டால், முளை கொண்டியை அழுத்திக்கொண்டிருக்கலாம். ஒருவர் பூட்டுக்கு நேர்மேலே உள்ளங்கையால் மூடியை அழுத்த, மற்றொருவர் கைப்பிடியை இழுக்க வேண்டும். அழுத்தும்போது கொண்டியின் மீதுள்ள சுமை குறைகிறது. அதனால் அது எளிதில் விலகும்.

கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டால், கம்பி அறுந்திருக்க வேண்டும். அல்லது உறை இடம்பெயர்ந்திருக்க வேண்டும். கைப்பிடிக்கு அருகில் அறுந்திருந்தால், எஞ்சிய கம்பியைக் குறடால் பற்றி இழுக்கலாம். பூட்டுக்கு அருகில் அறுந்திருந்தால், முன்புற இடைவெளி வழியாக நீண்ட திருப்புளியை நுழைத்துக் கொண்டியைத் தள்ள வேண்டியிருக்கும். எந்தத் திசையில் தள்ள வேண்டும் என்பதை அதே வகைக் காரின் திறந்த பூட்டைப் பார்த்து அறிந்துகொள்வது நலம்.

பணிமனையில் ஒரு மாலை

தம்பானூரை அடுத்த பணிமனை ஒன்றுக்குப் பழைய எம்.ஜி.பி. கார் வந்ததாகக் கொள்வோம். நாகர்கோவிலிலிருந்து தொழில் பழக வந்த இளைஞன் ஒருவனிடம் அவ்வேலை முதன்முதலாக ஒப்படைக்கப்படுகிறது. அவனுக்கு மலையாளம் இன்னும் முழுமையாகப் பழகவில்லை. தலைமைத் தொழிலாளரை எல்லாரும் 'ஆசான்' என்று அழைப்பது மட்டும் அவனுக்கு ஊர்ச்சொல்லாகவே கேட்கிறது. அச்சொல் இரு மொழிகளிலும் வழங்குகிறது.

அவன் கைப்பிடியை இழுக்கிறான்; மூடி திறக்கவில்லை. சுற்றி நின்றோர் ஆளுக்கொரு வழி சொல்கின்றனர். காரின் உரிமையாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இளைஞனின் முகம் வியர்க்கிறது. பெரிய திருப்புளி ஒன்றை எடுத்து, மூடியின் விளிம்பில் கொடுக்கிறான்.

"மக்களே, அதைக் கீழே வை" என்கிறார் ஆசான்.

"ஒரு நெம்பு நெம்பினால் திறந்துவிடும், ஆசானே."

"திறக்கும். வளைந்த தகட்டை யார் நிமிர்த்துவார்கள்? இழுத்தாயே, கையில் என்ன தெரிந்தது?"

இளைஞன் சற்று எண்ணிப் பார்க்கிறான். "கம்பி வருகிறது. ஆனால், பாரம் தெரியவில்லை."

"அப்படியானால் குனிந்து பார்த்துக்கொண்டே மறுபடியும் இழு."

அவன் விளக்கை அடித்துப் பார்க்கிறான். கம்பி நகரும்போது அதன் உறையும் சேர்ந்து நகர்கிறது. உறையைப் பிடித்திருந்த பிடிப்பு துருவேறி உடைந்துபோயிருக்கிறது. இழுவிசை வழியிலேயே வீணாவதை அவன் கண்டுகொள்கிறான். ஒரு குறடால் உறையை அசையாமல் பற்றிக்கொள்கிறான். மற்றொரு குறடால் கம்பியை இழுக்கிறான். ஆசான் தம் உள்ளங்கையால் மூடியை மெல்ல அழுத்துகிறார். 'டக்' என்னும் ஓசை கேட்கிறது. காப்புக் கொண்டியை விரலால் தள்ளியதும் மூடி உயர்கிறது. அதன் விளிம்பில் ஒரு கீறலும் இல்லை.

திறந்த பின்

மூடி திறந்ததோடு வேலை முடிவதில்லை. பழுதைச் சரிசெய்யாமல் மீண்டும் சாத்தினால் அதே தொல்லை திரும்பும். ஆகவே, இளைஞன் உறைக்குப் புதிய பிடிப்பை அமைக்கிறான். பூட்டைத் துடைத்து மசகு இடுகிறான். திருப்புளியால் கொண்டியை இயக்கிப் பார்த்த பின்னரே மூடியைச் சாத்துகிறான். ஆசான் மற்றொரு வழியையும் கற்றுத் தருகிறார். கொண்டியில் இரண்டாவது கம்பி ஒன்றைக் கட்டி, அதன் முனையை வெளியார் கண்ணில் படாத இடத்தில் விட்டுவைக்கிறார்கள். முதற்கம்பி அறுந்தாலும் இனி மூடியைத் திறக்க முடியும். பழைய விளையாட்டுக் கார்களை வைத்திருப்போர் பலர் இம்முறையைப் பின்பற்றுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

இயந்திரம் சூடாக இருக்கும்போது மூடியின் இடைவெளியில் கை நுழைக்கக்கூடாது. ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திய காரின் அடியில் ஒருபோதும் செல்லக்கூடாது. உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திய பிறகே, பயிற்சி பெற்ற பெரியவர்கள் அடியில் சென்று வேலை செய்வர்.

சொல்லும் பொருளும்

கீல் – கதவு, மூடி முதலியவை திரும்ப உதவும் இணைப்பு
கொண்டி – கவ்விப் பிடிக்கும் வளைந்த உறுப்பு
முளை – நீண்டிருக்கும் சிறு கம்பி அல்லது ஆணி
குறடு – பற்றி இழுக்கும் கருவி
திருப்புளி – திருகாணியைத் திருகும் கருவி
நெம்புதல் – அடியில் கோல் கொடுத்துக் கிளப்புதல்
மசகு – உராய்வைக் குறைக்கும் எண்ணெய்ப் பொருள்

மதிப்பீடு

அ) கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்த ஆண்டு ________.
2. பௌடன் கேபிளில் கம்பியைச் சூழ்ந்திருப்பது ________.
3. போர்ஷே 911 காரின் இயந்திரம் ________ உள்ளது.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. காப்புக் கொண்டியின் பயன் யாது?
2. மூடியை அழுத்திக்கொண்டே கம்பியை இழுப்பது ஏன்?
3. ஆசான் திருப்புளியைக் கீழே வைக்கச் சொன்னது ஏன்?

இ) விரிவாக விடை எழுதுக.
கைப்பிடியை இழுத்துப் பார்த்துப் பழுதின் இடத்தை அறியும் முறையை விளக்குக.

ஈ) மொழியோடு விளையாடு
1. பானெட், கேபிள், ஸ்பிரிங் ஆகியவற்றுக்கு இப்பாடத்தில் உள்ள தமிழ்ச் சொற்களை எடுத்து எழுதுக.
2. 'ஆசான்' போலத் தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் சொற்கள் ஐந்தினைக் கேட்டறிந்து எழுதுக.
3. "அதைக் கீழே வை" என்பது கட்டளைத் தொடர். பாடத்திலிருந்து மற்றொரு கட்டளைத் தொடரை எடுத்து எழுதுக.

கற்பவை கற்றபின்

மிதிவண்டியின் தடைக் கைப்பிடியை மெல்ல அழுத்துக. கம்பி எங்கே நகர்கிறது, உறை எங்கே அசையாமல் நிற்கிறது என்பதைக் கவனித்துப் படம் வரைந்து உறுப்புகளின் பெயர்களைத் தமிழில் எழுதுக.