கிணற்றுக் கல்லில் கிடக்கும் சிப்பி

யாழ்ப்பாணத்துச் செம்மண் காணிகளில் கிணறு வெட்டியவர்கள், உடைத்தெடுத்த சுண்ணக்கல்லிலே சிப்பி, சங்கு ஆகியவற்றின் வடிவங்களைக் கண்டிருப்பார்கள். தோட்டத்து நடுவில் கடற்சிப்பி எவ்வாறு கல்லுக்குள் வந்தது?

இவை உயிர்ச்சுவடுகள் எனப்படும். ஒரு காலத்தில் இந்நிலம் ஆழங்குறைந்த வெப்பக் கடலின் அடியாக இருந்தது. இறந்த உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் படைபடையாகப் படிந்து இறுகிக் கல்லாயின. இது நடந்தது மயோசின் காலத்தில். அக்காலம் ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. வேலண்ட், டேவிஸ் என்னும் இருவர் இலங்கையின் மயோசின் பாறைகளைப் பற்றிய ஆய்வை 1923இல் வெளியிட்டனர். புத்தளத்துக்கு வடக்கே அறுவக்காட்டிலும் இத்தகைய கல் உண்டு.

குழப்பப்படாத படைகளில் கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. ஒவ்வொரு படையிலும் உள்ள ஓடுகளைப் பார்த்தால் அன்றைய கடல் எப்படி இருந்தது என்பது புலப்படும். இரு மூடிகளும் பிரியாமல் மட்டி கிடந்தால், அது விரைவில் சேற்றில் புதைந்தது என்று கொள்ளலாம். ஓடுகள் நொறுங்கித் தேய்ந்திருந்தால் அலை அடித்த இடம். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி வளர்ந்த சிப்பிகள் கரையோரத்தையோ களப்பையோ காட்டும். நன்னீர் நத்தைகள் மட்டுமே இருந்தால் அது கடலே அல்ல, குளம் அல்லது ஆறு. மணலில் உதிரியாகக் கிடக்கும் ஊரியை இவற்றோடு சேர்க்க வேண்டாம். அது மிகப் பிந்தியது.

பல கற்களில் ஓடு இராது, அதன் அச்சு மட்டுமே இருக்கும். மழைநீர் ஓட்டைக் கரைத்துவிட்டது. அதே நீர் கல்லையும் கரைத்து, வெடிப்புகளைப் பொந்துகளாகவும் குகைகளாகவும் ஆக்கியது. நமது கிணறுகளுக்கு ஊற்று வருவது இவ்வழிகளால்தான்.

நீர் வரும் வழியாலேயே அழுக்கும் வரும். மணல் வடிப்பதுபோல இக்கல் வடிக்காது. மலசலகூடக் குழியின் கழிவும், அளவுக்கு மிஞ்சிப் போட்ட யூரியாவும் விரைவில் கிணற்றைச் சேரும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்க வைத்தால் அது நீங்காது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம். ஆகவே திரும்பிப்போய் வீடு கட்டுவோர், குழி வெட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு இடத்தைக் காட்டுங்கள். நெடுநாள் கைவிடப்பட்ட கிணற்று நீரைப் பரிசோதிப்பித்த பின்பே குடியுங்கள்.

ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்று நினைப்பதும் சரியல்ல. இக்கல்லில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். இயந்திரத்தால் அளவின்றி இறைத்தால் உவர் மேலேறும். ஏறிய உவர் எளிதில் இறங்காது.

வவுனியாப் பக்கத்தில் குடியேறியவர்கள் இந்தக் கணக்கை அங்கே போடக் கூடாது. அங்குள்ளது சிப்பி இல்லாத பழைய கருங்கல். உக்கிய பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். பத்து முழம் தள்ளி வெட்டினால் ஊற்று இல்லாமலும் போகலாம். அயற்கிணறுகள் ஆவணி, புரட்டாதியில் எவ்வளவு நீர் தருகின்றன என்று கேட்டறிந்த பின்பே மண்வெட்டியை எடுங்கள்.