எண்ணூரின் பழைய கடற்கரையை வரைபடத்தில் படிப்பது எப்படி?

எண்ணூரில் கார் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கும் ஆலை வந்தது 1940-களின் கடைசியில். அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கியது, துறைமுகம் 2001-இல். ஆலைகளுக்கு முந்தைய எண்ணூரைப் பார்க்க 1948-க்கு முன் அளந்த தாள் வேண்டும்.

இந்திய நில அளவைத் துறையின் ‘மைலுக்கு ஓர் அங்குலம்’ தாள்களில் எண்ணூர் 66 சி/8-இல் வரும்; காட்டுப்பள்ளியும் பழவேற்காடும் 66 சி/7-இல். பழைய நூலகங்களில் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்க ராணுவம் 1950-களில் போட்ட 1:2,50,000 தாள்களை டெக்சஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஆனால் அவற்றில் ஒரு கிலோமீட்டர் 4 மில்லிமீட்டர்தான். உப்பளப் பாத்தியைத் தேடிப் பயனில்லை.

தாள் கிடைத்ததும் நடுவைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. மறுபதிப்பில் ரயில்பாதையை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருப்பார்கள்.

அடுத்து, ஸ்கேன் செய்து கியூஜிஐஎஸ் மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்துங்கள். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தில் கணக்கிட்டவை. அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் நம்பினால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். அதனால் அன்றும் இன்றும் அசையாத புள்ளிகள் வேண்டும்: கோயில், ரயில் பாலம், பக்கிங்ஹாம் கால்வாயின் மதகு. குறைந்தது நான்கு, தாளின் நான்கு பக்கமும் பரவலாக. கரைக்கோட்டையும் முகத்துவாரத்தையும் மட்டும் தொடாதீர்கள். அவற்றை இழுத்துப் பொருத்தினால், நீங்கள் தேடிவந்த கடலரிப்பே படத்திலிருந்து காணாமல்போகும்.

இனி வாசிப்பு. சமஉயரக் கோடுகள் இங்கே உதவா: 50 அடிக்கு ஒரு கோடு போட்டால், தட்டையான இந்தக் கரையில் ஒன்றுகூட விழாது. நீலத்தையும், உப்பளக் குறிகளையும், மணல்மேட்டுப் புள்ளிகளையும் பின்தொடருங்கள். கொசஸ்தலையாறு எங்கெங்கே கிளை பிரிந்து பரந்தது என்பதை அவையே காட்டும். கரைக்கோடு அளந்த நாளின் நிலவரம்தான். முகத்துவாரம் பருவத்துக்குப் பருவம் மணலடித்து அடைபடும் இடம். எனக்குக் கரைக்கோட்டைவிடக் கழிவெளியின் பரப்பே பெரிய செய்தி.

கடைசியாக, பெரிதாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு காட்டுக்குப்பத்துக்கோ முகத்துவாரக்குப்பத்துக்கோ போய், வயதான மீனவர்களிடம் விரித்துக் காட்டுங்கள். முறைவைத்து வலைபோடும் ‘பாடு’ எங்கே, எந்த மடுவில் இறால் என்பதை எந்த அளவையாளரும் எழுதவில்லை. அவர்கள் சொல்வதை டிரேசிங் தாளில் பென்சிலால் குறியுங்கள். இருவர் இருவேறு இடம் காட்டினால் இரண்டையும்.