ஒரே வீட்டுக்குள் ஒரு படம்

மேடை நாடகத்தைக் குறைந்த செலவில் படமாக்கக் கிளம்பியதும் நண்பர்கள் ஒரே குரலில் சொன்ன யோசனை, "கதையை வெளியே கொண்டு போ" என்பதுதான். கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தை 1981இல் பாலசந்தர் படமாக்கியபோது வறண்ட நிலம் திரை முழுக்க விரிந்தது. அந்தக் கதைக்கு நிலம் வேண்டும். எங்களுடையதோ பூர்வீக வீட்டுக் கூடத்தில் ஒரு குடும்பம் பேசித் தீர்க்கிற கதை. வெளியே போனால் செலவு ஏறும், புழுக்கம் போய்விடும்.

எனக்குத் துணை நின்றது சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957). தொலைக்காட்சி நாடகமாக வந்த கதை அது. படமும் பெரும்பாலும் ஒரே அறைதான். லூமெட் முதலில் கண்மட்டத்துக்கு மேலிருந்து எடுத்து, போகப்போக கேமராவைக் கீழே இறக்கினார். லென்ஸின் குவியத் தூரத்தையும் கூட்டிக்கொண்டே போனார். சுவர்கள் நெருங்கி வந்ததுபோல் இருக்கும். இதற்குக் காசு வேண்டாம், திட்டம் வேண்டும். படப்பிடிப்புக்கு முன்பே இரண்டு வாரம் ஒத்திகையும் பார்த்திருக்கிறார்.

மேடை நடிகர்கள் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகியவர்கள். "சத்தத்தைக் குறைங்க" என்றால் உணர்ச்சியும் சேர்ந்து குறைந்துவிடும். கைக்கு வேலை கொடுங்கள், குரல் தானாக இறங்கும். "வீட்டை வித்துடுப்பா" என்று தாய் சொல்வது மேடையில் கைதட்டல் வாங்கிய இடம். படத்தில் அவரை முருங்கைக்கீரை ஆய வைத்தோம். காம்பிலிருந்து இலையை உருவியபடி, நிமிராமல் சொன்னார். கேமராவை மகன் பக்கம் திருப்பினோம். அந்த முகமே போதும் என்று, நாடகத்தில் அடுத்து வரும் நீண்ட வசனத்தை வெட்டிவிட்டேன்.

கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு ஒலிப்பதிவாளருக்கு. பேச்சை நம்பிய படத்தில் பேச்சு தெளிவாக விழ வேண்டும். மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு அறையிலும் அரை நிமிடம் எல்லோரும் அசையாமல் நின்று வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு இடையே விழும் வெற்றிடத்தை அடைப்பது அதுதான்.

இன்னொன்று. நாடக ஆசிரியர் நெருங்கிய நண்பராகவே இருந்தாலும் படமாக்கும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அவர் இல்லையென்றால் வாரிசுகளைத் தேடிப் போங்கள். தொகை சிறியதானாலும் முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். நாடகம் எழுதுபவர்களுக்கு நம் ஊரில் அதுகூடக் கிடைப்பது அரிது.