தெளிப்புக் குப்பியும் ஓசோன் குடையும்

மனிதன் தன் அறிவின் திறத்தால் எண்ணற்ற பொருள்களைப் படைத்து வாழ்வை எளிதாக்கிக் கொண்டுள்ளான். அவற்றுள் சில, நன்மையை முன்னே காட்டித் தீமையைப் பின்னே மறைத்து வைத்திருப்பனவாம். அத்தீமை புலப்பட்டபின் தவற்றைத் திருத்திக் கொள்வதே அறிவிற்கு அழகு. இவ்வுண்மைக்குத் தெளிப்புக் குப்பியின் வரலாறு சிறந்த சான்றாகும்.

கொசு மருந்து, நறுமண நீர், வண்ணப்பூச்சு முதலியவற்றைப் பனிபோல் தூவும் உலோகக் குப்பியை யாவரும் கண்டிருப்பர். அதனுள் மருந்து மட்டும் இருப்பதில்லை. அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்ட ஒரு வாயுவும் அதனோடு கலந்திருக்கும். அவ்வாயுவின் ஆவி குப்பியின் மேற்பகுதியில் நிறைந்து, கீழேயுள்ள நீர்மத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் அடைப்புத் திறக்கும்; நீர்மம் குழாய் வழியே மேலேறிச் சிறு துளையினூடே வெளிப்படும். வெளியே வந்ததும் அவ்வாயு நொடியில் ஆவியாகி, மருந்தை நுண்துளிகளாகச் சிதறச் செய்யும். குப்பி குறையக் குறைய மேலும் சிறிது நீர்மம் ஆவியாவதால், அழுத்தம் இறுதிவரை பெரும்பாலும் குன்றாது. மருந்தை உந்தித் தள்ளும் இவ்வாயுவை உந்துவாயு என்பர்.

இம்முறையை 1920-களின் பிற்பகுதியில் வகுத்தவர் நார்வே நாட்டுப் பொறியாளர் எரிக் ரோதைம் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் போர்வீரர் பலர் மலேரியாக் காய்ச்சலால் வருந்தினர். அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த லைல் குட்ஹியூ, வில்லியம் சல்லிவன் என்னும் இருவர் கொசுவை ஒழிக்கும் தெளிப்புக் குப்பியை அமைத்தனர். அவர்கள் பயன்படுத்திய உந்துவாயு குளோரோபுளூரோகார்பன் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அது தீப்பற்றாது, நஞ்சற்றது, எப்பொருளோடும் எளிதில் வினைபுரியாது. இதனினும் நல்ல வாயு வேறு உண்டோ என அனைவரும் அதனைப் போற்றினர். போருக்குப் பின் அக்குப்பி இல்லங்கள்தோறும் புகுந்தது.

அங்ஙனம் காற்றில் கலந்த வாயு எங்கே சென்றது? இவ்வினாவைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஷெர்வுட் ரோலண்ட், மரியோ மோலினா என்னும் வேதியியல் அறிஞர் இருவர் எழுப்பினர். 1974-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட விடை உலகைத் திடுக்கிடச் செய்தது. எதனோடும் வினைபுரியாத அவ்வாயு மழையில் கரைவதில்லை. தாழ்ந்த வளிமண்டலத்தில் அழிவதுமில்லை. பல ஆண்டுகள் மெல்ல மெல்ல மேலேறி ஓசோன் படலத்தை அடைகின்றது. அங்கே ஞாயிற்றின் புற ஊதாக் கதிர்கள் அதனைப் பிளக்கக் குளோரின் அணு விடுபடுகின்றது. ஒரு குளோரின் அணு ஏறத்தாழ 1,00,000 ஓசோன் மூலக்கூறுகளை அழிக்க வல்லது. ஓசோன் படலமோ, தோற்புற்றையும் கண்நோயையும் விளைக்கும் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கும் குடையாகும். எக்குணத்திற்காக அவ்வாயு போற்றப்பட்டதோ, அக்குணமே கேடாயிற்று.

தொழில் நடத்துவோர் பலர் இக்கருத்தை ஏற்க மறுத்தனர். எனினும் அறிஞர் இருவரும் தளரவில்லை. அமெரிக்கா 1978-ஆம் ஆண்டில் இவ்வாயுவைப் பெரும்பாலான தெளிப்புக் குப்பிகளில் பயன்படுத்தத் தடை விதித்தது. 1985-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆய்வாளர் மூவர், தென்துருவப் பகுதியின்மேல் ஓசோன் பெரிதும் குறைந்துள்ளதை அளந்து காட்டினர். 1987-இல் மாண்ட்ரியால் நகரில் பல நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. ரோலண்டும் மோலினாவும், பால் குருட்சன் என்னும் அறிஞரோடு 1995-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர்.

தடை விதிப்பது எளிது. மாற்றுக் காண்பது அரிது. புரொப்பேன், பியூட்டேன் முதலிய வாயுக்கள் விலை குறைந்தவை. ஓசோனுக்குத் தீங்கு செய்யாதவை. ஆயின் எளிதில் தீப்பற்றுபவை. எனவே தொழிற்சாலைகளில் புதிய பாதுகாப்பு முறைகள் வேண்டியிருந்தன. தீயருகே தெளிக்கலாகாது என்னும் எச்சரிக்கையும் குப்பிகளில் இடம்பெற்றது. மேலும் அவை நகரக் காற்றில் புகைமூட்டம் உண்டாகவும் துணைபுரிகின்றன. ஹைட்ரோபுளூரோகார்பன் என்னும் மற்றோர் இனம் ஓசோனை அழிப்பதில்லை. ஆஸ்துமா நோயாளர் உள்ளிழுக்கும் மருந்துக் குப்பிகளிலும் அது இடம்பெற்றது. ஆயினும் அவ்வினத்துள் பெருவழக்காயுள்ள ஒரு வாயு, 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்கிற்கு மேல் புவியை வெப்பமாக்கும் தன்மையது. ஆதலின் 2016-ஆம் ஆண்டில் கிகாலி நகரில் செய்த திருத்தத்தின்படி, அவ்வினத்தையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் இசைந்தன.

காற்றையோ நைட்ரஜனையோ அழுத்தி அடைத்தால் இத்தீங்குகள் இல்லை. ஆனால் அவை குப்பிக்குள் நீர்மமாக மாறுவதில்லை, ஆகவே மருந்து குறையுந்தோறும் அழுத்தமும் குறையும், துளிகளும் பருமனாகும். இக்குறையைப் போக்கத் துளைகளைப் புதிய முறையில் அமைக்கின்றனர். மற்றொரு முறையில், மருந்து குப்பிக்குள் ஒரு மெல்லிய பைக்குள் அடங்கியிருக்கும்; பையைச் சூழ்ந்த காற்று அதனைப் பிழிந்து மருந்தை வெளியேற்றும். காற்று குப்பிக்குள்ளேயே தங்கிவிடும். குப்பியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது செவ்வனே இயங்கும்.

இம்முயற்சிகள் வீண்போகவில்லை. இப்போதைய கட்டுப்பாடுகள் தொடருமாயின், உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படலம் 2040-ஆம் ஆண்டளவிலும், தென்துருவத்தின்மேல் 2066-ஆம் ஆண்டளவிலும், 1980-இல் இருந்த நிலையை எய்தும் என 2023-இல் வெளிவந்த ஆய்வறிக்கை கூறுகின்றது. சில ஆண்டுகளில் விளைந்த கேடு நீங்கப் பல பத்தாண்டுகள் வேண்டியுள்ளன. ஆதலின் ஒரு பொருளைப் படைப்போர் அதன் பயனை மட்டுமின்றி, அது பயன்பட்டபின் எங்கே செல்லும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். ரோலண்டும் மோலினாவும் கேட்ட எளிய வினா, உலகிற்கு உணர்த்திய பாடம் இதுவேயாம்.

வினாக்கள்

1. தெளிப்புக் குப்பி இயங்கும் முறையை விளக்குக.
2. "எக்குணத்திற்காக அவ்வாயு போற்றப்பட்டதோ, அக்குணமே கேடாயிற்று" – எவ்வாறு?
3. உந்துவாயுவாகப் பயன்படும் மாற்றுப் பொருள்களின் நிறை குறைகளை ஒப்பிடுக.